கூட்டுப் பெருங்காயம்

கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு என் பொறுப்பு.
விடியுமுன்னே மண்டபம் நண்டுக் கம்பெனிக்கு
பஸ் ஏறிவிடுவாள் அமலோற்பவம்.
வீட்டில் நாலு நகரை, கொஞ்சம் புளி, டெல்சி, நான்.

மீனுக்கு லேபிள் இல்லை.
செவுளைத் தூக்கினால் தேதி தெரிந்துவிடும்.
பாக்கெட்டுக்கு ஏது செவுள்?
வாசலுக்கு எடுத்துவந்து
வெயிலில் சாய்த்துப் பிடிக்கிறேன்.

மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம்.
எறும்பு வரிசை.
இருட்டில் எல்லைக்கோடு பார்த்துப்
படகைத் திருப்பிய கண்
இந்த எழுத்துக்குத் தண்ணீர் விடுகிறது.

போன மாதம் வாங்கியதில்
சரியாக அந்த இடத்தின் மேல்
விலைச் சீட்டை ஒட்டியிருந்தார் ஜப்பார் பாய்.
செதில் ஒட்டிய நகத்தால் சுரண்டினேன்:
கூட்டுப் பெருங்காயம்.
யாரோடு கூட்டு?
அடுத்த வரியில் அடைப்புக்குள் ஒளிந்திருந்தது
கோதுமை மாவு.

ஒரு சிட்டிகைதான்.
அதற்கே மூன்று நாள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள் டெல்சி.

திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"பெருங்காயத்துலயா கோதும?"
பாய் கண்ணாடியை மாட்டினார்,
அலமாரியில் இருந்த பதினோரு மசாலாவையும் இறக்கினார்.
தங்கச்சிமடம் கடைத்தெருவில் மதியம் முழுக்க
இரண்டு பேர் உட்கார்ந்து படித்தோம்.
இரண்டு தேறின.

வைகாசியில் அவளுக்குப் புதுநன்மை.
வெள்ளைக் கவுனுக்கு அளவெடுத்த அன்று
அடுப்படியில் என் பின்னால் நின்று கேட்டாள்:
"அப்பா, கோயில் அப்பத்துல என்னென்ன சேத்திருக்கு?"

அப்பத்தின் பாக்கெட்டை நான் பார்த்ததில்லை.
உபதேசியாரிடம் கேட்டேன்.
"தண்ணி," என்றார், "அப்புறம்..."
நிறுத்திக்கொண்டார்.

பங்குச்சாமியார் முன்னால்
களவு சொல்லப் போனவன் மாதிரி நின்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"கிண்ணத்துலருந்து குடிக்கட்டும். அதுவும் முழுசுதான்.
யாரும் அப்பத்த நனைக்காத கிண்ணமா
தனியா எடுத்து வைக்கிறேன்."
பாத்திரம் கழுவும் துணிவரை விசாரித்துவிட்டு வந்தேன்.
கொஞ்சம் அதிகப்படிதான்.

தேறிய மசாலாவையும் ஒவ்வொரு தடவையும் படிக்கிறோம்;
சொல்லாமல் மாற்றுவார்கள்.
இப்போதெல்லாம் வாசிப்பது டெல்சி,
மன்றாட்டு மாலை இழுவையில்.
மிளகாயே...
சரி, என்கிறேன் கரண்டியோடு.
மல்லியே...
சரி.
கடைசியில், உப்பே.
உப்பையுமா கேட்பாய் என்று வாயெடுத்து,
கடலை ஒருமுறை பார்த்துவிட்டு,
சரி, என்கிறேன்.