ஒரே பார்வையில்

மாதா கோயில் மணிக்கூண்டின் அடியில்
கவராயத்தின் முள்ளைக் குத்தி
ஐந்நூறு மீட்டருக்குச் சட்டம் ஒரு வட்டம் போட்டிருக்கிறது.
வட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது.
என் தையற்கடை அதற்குள்,
விளிம்பிலிருந்து பதினெட்டு மீட்டர் உள்ளே.

கதவுக்கு நீலம் பூச
நான்கு பிரதியில் விண்ணப்பம் கொடுத்தேன்.
தூரத்திலிருந்து ஒரு படம்,
கிட்டத்திலிருந்து ஒரு படம்,
நீலத்தின் எண்.
நகரசபையில் முத்திரை குத்தியவன் சொன்னான்:
"இரண்டு மாதம். பதில் வராவிட்டால்
சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.
சிலவேளை எடுத்துக்கொள்ளவும் கூடாது."

பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே
பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தார்.
கழற்றச் சொன்னார்கள். மரம் வரும்வரைக்கும்
ஒரு தை மாதம் முழுக்க
கம்பளியை ஆணியடித்துத் தூங்கினார்கள்.
நான் அதனால்தான் கேட்டேன்.

ஏழாம் கிழமை மதாம் கெர்வெல்லா வந்தார்.
துருவா நகரின் மரச்சட்ட வீடுகளில்
எந்த உத்தரம் எந்த நூற்றாண்டில் வெட்டியது என்று
தட்டிப் பார்த்தே சொல்லக்கூடியவர்.
கேள்வி இதுதான்:
கோயிலையும் என் கதவையும்
ஒரு மனுசர் ஓரிடத்தில் நின்று
ஒரே பார்வையில் காண முடியுமா?
முடியுமென்றால் அவர் சொல்வது கட்டளை.
முடியாதென்றால் வெறும் ஆலோசனை.

பேக்கரி வாசலில் நின்றார்.
குப்பைத்தொட்டிகளின் பக்கம் நின்றார்.
மழையில், நடுத்தெருவில்,
வான்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க
பின்னோக்கி நடந்து நின்றார்.
இந்த ஊரில் எனக்குப் பத்தொன்பது வருடம்.
அகதி விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரிகூட
என்னை ஒரே கோணத்திலிருந்துதான் பார்த்தார்.
இவர் பதினொரு கோணம்.

கடைசியில் குறிப்பேட்டை மூடினார்:
"தெரியவில்லை. மூலைவீட்டுப் புகைபோக்கி மறைக்கிறது.
ஆனாலும் ஆலோசனை என்றால்,
சாம்பல் பூசுங்கள்."
அட்டையை விரித்துக் காட்டினார். சாம்பலில் ஏழு.
போகிறபோக்கில் பையிலிருந்து
ஒரு காற்சட்டையை எடுத்துத் தந்தார்,
மடிப்பு இறக்க, இரண்டு விரற்கடை.

நீலம் வாங்கினேன்.

பூச வந்த அர்லிந்து
முகப்புப் பலகையைச் சுரண்டினான்.
பச்சை போனது, பழுப்பு போனது,
ஈயம் கலந்த வெள்ளை போனது,
எழுத்து வந்தது.
ஒரு பெயரின் பின்பாதி: …கோவியாக்.
கீழே கோணல்மாணலாக:
குடை திருத்தப்படும்.
போலந்திலிருந்து காலுறை ஆலைக்கு
வந்தவர்களில் ஒருவராயிருக்கும் என்றான்.
ஆலையில் வேலை போனபிறகோ,
ஆலைக்குப் போகவே பிடிக்காமலோ.

"மூடவா?"

தூரிகை சொட்டியது.
கோயிலுக்கு வட்டமுண்டு.
உத்தரத்துக்குப் பட்டியலுண்டு.
குடைக்காரரின் அரைப்பெயருக்கு
நானும் அர்லிந்துவும் அவனுடைய மதிய இடைவேளையும்தான்.
யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பது
முதல்முறையாகப் பாரமாக இருந்தது.

"அதைச் சுற்றிப் பூசு" என்றேன்.
"அசிங்கமாகத் தெரியும்."
"தெரியட்டும்."

இப்போது மழை பெய்தால்
ஆட்கள் உள்ளே வந்து குடையை நீட்டுகிறார்கள்.
இரண்டு பேருக்குத் தைத்தும் கொடுத்துவிட்டேன்.
கம்பி வேலை வராது என்று சொல்லி.

ஒன்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியை
வாசல் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறேன்.
காலை ஒன்பதரைக்கு,
எதிர்வீட்டு மாடி ஜன்னலில் வெயில் படும்போது,
வாயில் குண்டூசிகளோடு
அதன் முன்னால் முழந்தாளிட்டு நிமிர்ந்தால்
தெரியும்:
நீலக் கதவின் ஓரம், என் தலை,
தலைக்கு மேல், ஜன்னலில் பட்டுத் திரும்பி,
மணிக்கூண்டும் உச்சியில் அதன் தகரச் சேவலும்.

அந்த இடத்தில் மதாம் கெர்வெல்லா நின்று பார்க்கவில்லை.
காற்சட்டை மூன்று கிழமையாகத் தொங்குகிறது.
வந்தால், போட்டுப் பார்க்க,
கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும்.