முப்பத்தேழு டிகிரி

நீராவி இவற்றுக்கு ஆகாது.
கத்திரியும் இடுக்கியும் ஆட்டோகிளேவில் வெந்து
விறைப்பாக வெளியே வரும்.
விழித்திரைக்குள் போகும் இந்த மெல்லிய குழாய்க்கு
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு போதும்:
முப்பத்தேழு.
மீதியை வாயு பார்த்துக்கொள்ளும்.

நிறமில்லை அதற்கு. இனிப்பாக மணக்குமாம்.
மணம் எட்டினால் ஓடு என்று
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது,
என் கையெழுத்தில்தான்.

மன்னார்குடியில் ஐப்பசி மழை.
பாமணி ஆறு படித்துறையை மூடிவிட்டதாக
வாட்ச்மேன் சொல்லிப் போகிறார்.
அவருடைய நட்டு நாலு நாளான சம்பா
தண்ணீருக்குள் கிடக்கிறது.

பையின் பழுப்புக் கோடு பச்சையாகிவிட்டது.
ஆனால் பிளாஸ்டிக்
குடித்ததை உடனே கக்காது.
பன்னிரண்டு மணி நேரம் காற்றோட்டம்.

எட்டாவது மணியில் டாக்டர் இளம்பரிதி கதவருகே.
"பச்சைதானே ஆக்னஸ்?
கூத்தாநல்லூர் மைமூன் பீவி
காலையிலிருந்து பட்டினி. சர்க்கரை வேற."

பச்சை,
வாயு வந்ததற்குச் சாட்சி.
போனதற்கு அல்ல.
இதைச் சொல்லவில்லை. கடிகாரத்தைக் காட்டினேன்.
அவர் போனார்.
கதவு கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொண்டது.

அறுவை நாளைக்கு மாறிற்று.
பீவிக்கு இட்லி கொடுத்தார்களாம்.
மூன்று சாப்பிட்டுவிட்டு
சட்னியில் உப்பில்லை என்று சண்டையாம்.

கட்டு அவிழ்க்கும்போது
அவர் பார்க்கப்போவது டாக்டர் முகத்தை.
இருக்கட்டும்.

ரெஜிஸ்டரில் நேரம் எழுதுகிறேன்.
எந்திரம் மூச்சு விடுகிறது,
மெதுவாக, வெளியே மட்டும்.