பத்து மீட்டர்

தரையில் இரண்டு மஞ்சள் டேப்.
இடையில் பத்து மீட்டர், பதினாறரை டைல்,
அதில் ஒன்று விரிசல்.
ஸ்டாப்வாட்ச் என் கையில்.
எனக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான்:
நடக்கச் சொல்வது, எண்ணுவது, எழுதுவது.
சிலவற்றைத் தெரியாமல் இருப்பதும்
வேலையில் சேர்த்தி.

முனிவெங்கடப்பா, அறுபத்தெட்டு.
முப்பத்தோரு வருஷம் பெங்களூர்க் குடிநீருக்கு வால்வ்மேன்.
யஷ்வந்த்பூர் பக்கத்துத் தெருக்கள்
இவர் ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கித்
திருப்பிய பிறகுதான் காவிரியைப் பார்த்தன.

மூன்று வருஷமாகத் தரை இவர் காலை விடுவதில்லை.
வயசு என்றார் ஒரு டாக்டர்.
பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார் இன்னொருவர்.
வேட்டி நனைந்தபோது வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை,
பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வாங்கினார்கள்.
மனைவியின் பெயரை ஒருநாள்
சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருந்தார்.

விழுந்து மணிக்கட்டு உடைந்து வந்தவருக்கு
இரவு டியூட்டிப் பயிற்சி டாக்டர் ஒருத்தி
நடையைப் பார்த்துவிட்டு
தலையையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னாள்.
கலிங்கு அடைத்த ஏரி போல
மூளைக்கு நடுவே நீர்
நாலு பக்கமும் கரையைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்தது.

முதுகில் ஊசியிட்டு முப்பத்தைந்து மில்லி எடுத்த அன்று
இதே தரையில்
இருபத்தேழு விநாடி பதினேழானது.
மாலையில் தானே பாத்ரூம் போய்
உள்பக்கம் தாழ் போட்டார்.
அந்தத் தாழ்ச் சத்தத்தைப் பற்றி
நாகரத்னம்மா என்னிடம் மூன்று முறை சொன்னார்.

பிறகு தலையில் துளை,
தோலுக்கடியில் வயிறுவரை குழாய்,
காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு வால்வு.
ஆய்வின் விதி:
பாதிப் பேருக்குத் திறந்திருக்கும்,
பாதிப் பேருக்கு மூடியிருக்கும், மூன்று மாதம்.
கையெழுத்துப் போட்டுத்தான் எல்லாரும் வந்தார்கள்.
யாருக்கு எது என்பது
மூன்றாம் மாடியில் காந்தம் வைத்திருக்கும்
இருவருக்குத்தான் தெரியும்.
அவர்களோடு நான் டீ குடிப்பதில்லை.

குணமாகிவிட்டோம் என்று நம்புகிற காலும்
கொஞ்சம் வேகமாக நடக்கும்.
அந்த நம்பிக்கையைக் கழித்துப் பார்க்க வேறு வழி இல்லை.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும்,

முதல் மாதம் இருபத்தேழு.
இரண்டாம் மாதம் இருபத்தாறு,
நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.
இன்று இருபத்தெட்டு.
செருப்பு தேயும் சத்தத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாற்காலியில் சாய்ந்து சொன்னார்,
கன்னடம் பாதி, எனக்காகத் தமிழ் பாதி:
"சாவி திருப்பினா மொதல்ல காத்து வரும் மேடம்.
குழாய் இருமும். அப்புறம்தான் நீரு.
இதுல இருமலே இல்ல."

நான் பேனா மூடியைப் பார்த்தேன்.

"ஏழாவது கிராஸ்ல குடத்தோட நின்னு திட்டுவாங்க.
எப்ப விடுவேன்னு எனக்குத் தெரியும்.
சொல்ல ஆர்டர் இல்ல."
கொஞ்ச நேரம் கழித்து,
"உங்களுக்கும் ஆர்டர் இல்ல போல."

எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
உண்மைதான் அது.
அந்தச் செருப்பைக் கேட்டபிறகு
நானே நம்பமாட்டேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
இவர் எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள்?
திறந்தது. மூடியது. தெரியாது.
மூன்றாவதில் டிக் போட்டேன்.
வால் நீண்டு
பக்கத்துக் கட்டத்தைத் தொட்டுவிட்டது.

வியாழக்கிழமை முதல் எல்லாருக்கும் திறந்திருக்கும்.
இதைச் சொல்ல அனுமதி உண்டு, சொன்னேன்.
எத்தனை மணிக்கு என்றார் நாகரத்னம்மா,
தெருவில் தண்ணீர் முறை கேட்கிற குரலில்.

அவர் எழுந்து லிஃப்ட் பக்கம் போனார்.
டேப்புக்கு வெளியே, கணக்கில் சேராத நடை.
கோட்டுப் பைக்குள் என் கட்டைவிரல்
தானாகப் பட்டனை அழுத்தியிருந்தது.
லிஃப்ட் கதவு மூடிய பிறகு
எவ்வளவு என்று பார்க்காமல்
அழித்தேன்.