அம்புக்குறி இல்லாத வட்டம்

சூ மின்னின் வலது தோளுக்கென்றே
முப்பத்திரண்டு ஆட்டங்கள் வரைந்து வைத்திருந்தேன்.
எல்லாவற்றுக்கும் எம்ஆர்டி நிலையப் பெயர்.
டோவர் என்றால் ஐந்து கெஜம் போய்ச் சட்டென்று உள்ளே வெட்டுவது.
பூன் லே என்றால் கடைசி எல்லை வரை, கேள்வி கேட்காமல்.
அவள் நடுவில் ஆணி அடித்தாற்போல் நிற்பாள்.
நாங்கள் போய்ச் சேரும் நொடியில்
பந்தும் வந்து சேரும்.

செவ்வாய்க்கிழமை, கிளமெண்டித் திடல், ஈரப்புல்.
அந்தத் தோள் தன் குழியைவிட்டு இறங்கிற்று.
ஆம்புலன்ஸில் ஏறும்போதும் சொன்னாள்:
"மூணாவது ஆட்டத்துல ஹுய் டிங் லேட்."

மிச்சம் நிலோஃபர்.
ஐந்தடி ஒன்று.
இரண்டு பருவமாகத் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல்.
அவள் எறிந்தால் இருபது கெஜத்தில் பந்துக்கு மூச்சு வாங்கும்.
ஓடினால்,
இடுப்புக் கொடியைப் பிடுங்க வந்த கைகளில்
காற்றுதான் மிஞ்சும்.

"நில்" என்றேன். ஓடினாள்.
"மூன்று எண்ணும் வரையாவது."
இரண்டில் ஓடினாள்.
பயம் என்று நானே முடிவு கட்டி
பயந்தவர்களிடம் பேசும் குரலில் பேசினேன்.
அந்தக் குரலை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

புட்டியைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுச் சொன்னாள்:
"நின்னா எனக்கு அக்குள்தான் தெரியுது.
முன்னாடி நிக்கிறவ எல்லாம் என்னவிட ஒரு தலை ஒசரம்.
ஓடுனாத்தான் சந்து தெரியும்.
சந்து தெரிஞ்சாத்தான்
நீ எங்க இருக்கேன்னு தெரியும்."

விடுதி. இரவு இரண்டு மணி.
வெப்ப இயக்கவியல் ஒப்படைப்பு அப்படியே கிடக்க
காணொளியைக் கால்வாசி வேகத்தில் ஓட்டினேன்.
அவள் வலப்பக்கம் சாயும்போதெல்லாம்
எதிரணி மொத்தமும்
தட்டைச் சாய்த்தால் ரசம் ஓடுவதுபோல் அந்தப் பக்கம்.
இடப்பக்கம் வெறிச்.
அந்த வெறுமையில் ஹுய் டிங்,
நான் வரைந்த புள்ளியில் பிசகாமல் நின்று
பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.
சொன்ன பேச்சைக் கேட்ட பாவம்.

அழித்தேன்.
பூன் லே போயிற்று.
டோபி காட் தன் மூன்று தடங்களோடும் போயிற்று.
சிராங்கூனில் மட்டும் கை கொஞ்சம் நின்றது.
மே மாதம் முழுக்க அதற்குத்தான் செலவழித்திருந்தேன்.
மிஞ்சியவை ஏழு.
அவற்றுக்குப் பேருந்து எண்கள் வைத்தேன்:
96, 151, இன்ன பிற.
பேருந்து என்றால் வளையும், தாமதிக்கும்,
சிலசமயம் கையைக் காட்டிக்கொண்டு ஓடினால்தான் நிற்கும்.

"அவ ஓடினா நீங்களும் திரும்பி அவளோட ஓடுங்க.
புள்ளிக்குப் போகாதீங்க. அவகிட்ட வாங்க."
சூர்யானி கேட்டாள்:
"அப்ப யார் எங்க இருப்பான்னு உனக்கே தெரியாதா?"
பதினொரு பேர் பார்க்க
தெரியாது என்ற நாலெழுத்தைச் சொல்ல
எனக்கு ஒரு முழு மிடறு எச்சில் தேவைப்பட்டது.

சனிக்கிழமை.
பன்னிரண்டுக்குப் பதின்மூன்று, பின்தங்கியது நாங்கள்.
கடைசி முயற்சி, எட்டு கெஜம் பாக்கி.
அப்போது பார்த்து மின்னல் எச்சரிக்கைச் சங்கு.
செம்மஞ்சள் விளக்கு சுழல
இரண்டு அணியும் ஒரே கூரைக்கு ஓடினோம்.

கை தூளியோடு சூ மின் வந்து
என் பலகையைப் பிடுங்கிப் பார்த்தாள்.
ஆறு வட்டங்களுக்கு அம்பு இருந்தது.
ஏழாவது வட்டத்தைச் சுற்றி
போட்டு அழித்த கறை மட்டும்.
"இவளுக்கு எங்க அம்பு?"
நான் தோளைக் குலுக்கினேன்,
குலுக்கிய பிறகுதான் அவள் தோள் நினைவுக்கு வந்தது.

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.
வெகுநேரம் கழித்து, பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"எனக்கு ஏன் ஒரு தடவைகூட
இப்படி ஒண்ணு வரையல?"

பதில் தேடுவதற்குள்
ஆபத்து நீங்கியதாக மூன்று குறுஞ்சங்கு.
திரும்பிப் பார்த்தேன்.
நிலோஃபர் உட்கார்ந்திருந்த படியில்
ஈரம் மட்டும் இருந்தது.