கயிறு நழுவும் நேரம்

அறுநூறு டன் மணலோடு
ஃப்ரீஸ்லாந்து வாய்க்காலில் வருகிறது
ஃபோல்ஹார்டிங் என்னும் படகு.
விடாப்பிடி என்று அர்த்தமாம்.
நொடிக்கு அரை மீட்டர்.
கரையில் நாயை நடத்திப் போகும் பெண்
அதை முந்திப் போய்விட்டாள்.

மெதுவாக வருவதால்
லேசாக வருகிறது என்று நினைத்துவிடாதே.
எருமை நடந்தாலும் எருமைதான்.

நீர்ப்பூட்டின் கதவு எதிரே மூடிக் கிடக்கிறது.
சுக்கானில் ரென்ஸ்கே.
முன்தளத்தில் கயிற்றோடு இரெனேயுஷ்,
ஷ்செச்சினிலிருந்து வேலைக்கு வந்து
பதினோராம் நாள்.

கரைத் தறியில் கண்ணியை மாட்டி
தளத்துத் தறியில் இரண்டு சுற்று.
பிறகு பிடிக்காமல் பிடிக்க வேண்டும்,
நழுவவிட்டபடியே தடுக்க வேண்டும்.
பத்து நாளும் சரியாகத்தான் செய்தான்.

அன்று மூன்றாவது சுற்றும் போட்டு
மேலே பூட்டும் போட்டு
கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.
பையில் கைபேசி. அதில்
மனைவியின் ஒரு வரி:
போகிறேன், சாவி பக்கத்து வீட்டில்.

கயிறு முதலில் மெலிந்தது.
பிறகு பாடியது.
பிறகு
சுக்கான் அறைச் சன்னலில் இருந்த காபிக் கோப்பை இல்லை,
சன்னலும் இல்லை.
ரென்ஸ்கேயின் காதோரம் ஒரு கீறல், அவ்வளவுதான்.
படகு போய்க் கதவில் முட்டி
ஊர் முழுக்கக் கேட்க ஒரு தடவை மணியடித்தது.

நம் பாடப்புத்தகத்தில் இதற்குப் பேர் கணத்தாக்கு.
விசையை நேரத்தால் பெருக்கு,
உந்தம் எவ்வளவு மாறியதோ அவ்வளவு வரும்.
தேர்வுக்காக நானும் மனப்பாடம் செய்தேன்.
அந்தச் சொல்லுக்குள் ஒரு கணம் இருப்பதை
அப்போது கவனிக்கவில்லை.

அந்த அறுநூறு டன்னை நிறுத்த
முப்பது நொடி கொடுத்தால்
கயிறு தாங்க வேண்டியது ஒரு டன்.
அரை நொடிதான் தருவேன் என்றால்
அறுபது.
கயிறு இருபதுக்கு மேல் தாங்காது.
கடன் ஒன்றுதான், தவணையில் பேரம் பேசலாம்.
தள்ளுபடி கிடையாது.

ரென்ஸ்கே கத்தவில்லை.
கண்ணாடித் தூளைக் கூட்டினாள்.
அடுத்த பூட்டில் புதுக் கயிற்றை
அவனிடமே நீட்டினாள்.
இரண்டு சுற்று.
கயிறு அவன் உள்ளங்கை வழியே
முனகிக்கொண்டே போனது.
தறியிலிருந்து புகைவாசம்.
படகு நின்ற பிறகு
இரும்பைத் தொட்டுப் பார்த்தான்,
அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் இருந்தது.

லெம்மரில் சரக்கு இறக்கும்போது
சாவியைப் பற்றிச் சொன்னான்.
நான்கு நாள் கழித்து, மழையில்,
பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்னவென்று.
ஸ்னேக்கில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே
அவள் பெயரை.
ஒரு ஞாயிறு முழுக்க ஒன்றுமே சொல்லவில்லை.
ரென்ஸ்கே கேட்கவும் இல்லை.
உள்ளே நின்றாக வேண்டியது
இன்னும் முழுதாய் நின்றபாடில்லை.

நவம்பரில் எஞ்சின் படுத்தது.
சுவரை ஒட்டிக் கிடந்தது படகு,
பின்னால் இரண்டு படகு காத்திருக்க.
இருவரும் கரையேறி
படகின் விளிம்பில் தோள் கொடுத்தார்கள்.
அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்போம்.
இங்கே அடி இல்லை,
வெறும் சாய்தல்.

பத்து நொடி. ஒன்றுமில்லை.
இருபது. பின்படகுக்காரன் சிரிக்கிறான்.
இரெனேயுஷின் செருப்பு ஈரக் கல்லில் வழுக்குகிறது,
மறுபடி ஊன்றுகிறான்.
நாற்பது. இதெல்லாம் எங்கே சேர்கிறது?
படகு வாங்கிக்கொண்டே இருக்கிறது,
ரசீது தரவில்லை.

பிறகு எப்போது என்று தெரியாமல்
சுவருக்கும் படகுக்கும் நடுவில்
ஒரு விரல் அகலத் தண்ணீர்.
அதில் எங்கிருந்தோ வந்து
ஒரு வாத்து இறகு
மிதக்க இடம் கண்டுகொண்டது.

தள்ளுவதை விட்டுவிட்டு
இறகைப் பார்த்துக்கொண்டு நின்றான் இரெனேயுஷ்.
படகு
போய்க்கொண்டே இருந்தது.
ஐயோ கயிறு, என்றாள் ரென்ஸ்கே.