எடைக்கு வாங்கிய அச்சு

ஐயன்கன்குளம் றோட்டில், மாரி முடிந்தும் முடியாத கிழமையொன்றில்
பின்பக்கம் "டக்" என்றது.
அவ்வளவுதான்.
நூற்றெழுபது லீற்றர் பாலோடு ஜீப் சேற்றில் குந்திவிட்டது.
முன்சில்லுகள் மட்டும் சுற்றிச் சுற்றித்
தங்களுக்கே குழி தோண்டின.

வலது சாப்ட் முறிந்திருந்தது,
உள்வாய் முழுக்க உப்புக்கல் போல மினுங்க.
பத்தரைக்குப் பால் திரிந்தது.
ஊற்றிய இடத்தில் எறும்புகளுக்கு ஒரு கிழமை திருவிழா.

கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன்.
யப்பான் சாமான், நாலரை லட்சம் என்றான்,
தேத்தண்ணி விலை சொல்வதுபோல.
பத்மலோசினி சீட்டுக் கொப்பியைத் திறந்து
தொண்ணூறாயிரம் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.
அவள் இழுக்கும் இரண்டாவது கோட்டை
பெருக்கெடுத்த பாலியாறும் தாண்டாது.

ஆகவே புதுக்குடியிருப்பு, பழைய இரும்புக் காணி.
ட்றக்டர் வில்லு, பவுசரின் வயிறு,
கதவில்லாத கதவுச் சட்டங்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரே விலை, கிலோ நூற்றறுபது.
நாயுருவிக்குள் பாதி புதைந்து கிடந்தது
ஒரு லொறி அச்சு.
லோசினி கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தாள்.
"இதுக்கும் இடுப்பளவுதானே."
சில்லுத் தட்டிலிருந்து சில்லுத் தட்டுக்கு ஐம்பத்தேழரை அங்குலம்.
எங்கள் ஜீப்புக்கு ஐம்பத்தேழு.
லொறி அச்சு இவ்வளவு ஒடுங்கியிராது என்று
எனக்குத் தட்டியிருக்கவேண்டும்.
மலிவு கண்ணை மறைத்தது.
தராசு நூற்றுப்பதினெட்டுக் கிலோ காட்டியது,
மண்ணையும் சேர்த்து.

மல்லாவியில் பிலேந்திரனின் கராச்.
துருவைச் சுரண்டச் சுரண்ட
குழாயின் இடப்பக்கம் சுற்றிவர ஒரு தழும்பு.
யாரோ முன்னமே வெட்டி,
வேண்டாத நீளத்தை எடுத்துவிட்டு
திரும்ப ஒட்டியிருக்கிறான்.
அல்லது ஒட்டியிருக்கிறாள்.
பிலேந்திரன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரலால் ஒருமுறை தடவினான்,
மறுபக்கமாய் இன்னொருமுறை.
"செதில் செதிலா அடுக்கியிருக்கு.
கரண்ட் இல்லாத காலத்து வேலை.
நான்கூட இப்பிடி ஒட்டமாட்டன்."

எதில் மின்சாரம் எடுத்தார்கள்?
மூன்று பற்றரியை ஒன்றாய்க் கட்டியிருக்கலாம்,
மண்ணெண்ணெய் குடித்த ஜெனறேற்றராயும் இருக்கலாம்.
எந்த வண்டிக்காக ஒடுக்கினார்கள், அது எதை ஏற்றிப் போனது,
மூவரும் யோசித்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இந்தப் பக்கத்து வாகனங்களிடம்
அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.
பிலேந்திரன் கிறைண்டரை எடுத்தான்,
தழும்புக்குக் கிட்டக் கொண்டுபோனான்,
நிப்பாட்டிக் கீழே வைத்தான்.

பிறகு அலைச்சல்.
ஜீப் றிம்மில் ஐந்து ஓட்டை, அச்சில் ஆறு ஆணி.
றிம் தேடி வவுனியா, பெயாரிங் தேடித் திரும்பவும் வவுனியா.
நடுச்சாப்டைக் கட்டையாக்கக் கிளிநொச்சி லேத்துக்கு இரண்டு தரம்,
முதல்தரம் அளவைப் பிழையாய்ச் சொன்னது நான்.
வில்லுக்குக் கீழே தட்டு ஒட்டுகையில்
இரவு ஒன்பதுக்கு மழை வந்தது.
மூவருமாய்த் தறப்பாளைப் பிடித்தபடி
ஜீப்புக்கு அடியில் கிடந்தோம்.
மேலே டிப்பிறன்சலில் இருந்து
என் காதுக்குள் எண்ணெய் சொட்டியது.

கணக்கு முடித்தபோது
மிச்சம் இரண்டாயிரத்துத் தொளாயிரத்து இருபது.
லோசினி கொப்பியில் இன்னொரு வரி எழுதினாள்:
பழைய ஒட்டு.
அதற்கு நேரே தொகையை எழுதாமல்
பேனையை மூடினாள்.

இப்போது சேறு பிரச்சினையில்லை.
வலது சில்லு ஒரு விரல் வெளியே நிற்கிறது,
கண்ணாடியில் பார்த்தால் சற்றே பெருமையாக.
நேற்று அணைக்கட்டுக்குக் கீழே, அரைச்சில்லுத் தண்ணியில்,
கான் ஒன்றும் சரியாமல் ஏறிவந்தது.
ஒன்றுதான்:
நாற்பதில் ஒரு முனகல் கேட்கிறது.
முப்பத்தெட்டில் இல்லை. நாற்பத்துமூன்றில் இல்லை.
பல் பொருந்தவில்லை என்கிறான் பிலேந்திரன்,
கழற்றிப் பார்க்க ஏழாயிரம் கேட்கிறான்.
லோசினியிடம் சொன்னேன்.
"அப்ப நாப்பதில ஓடாதேங்கோ."