இயல்பாய்த் திறப்பது

மூன்று நாளாய்
எந்தப் பிடிஎஃப் கோப்பைத் தட்டினாலும்
தூரிகையைக் கவ்விய நரி வந்து நிற்கிறது.
எந்தப் பக்கம், எத்தனை புள்ளி என்று
சுங்கக்காரன்போல் கேட்கிறது.

புதிதாய் அதை இறக்கியது நான்தான்.
வந்த கையோடு
வாசல் சாவியையும் எடுத்துக்கொண்டது.

இன்று மழைக்குள் நூர்லெப்பை வந்தார்.
பென்டிரைவில் மகளின் பிறப்புச் சான்றிதழ்.
கட்டாருக்கு ஒரு வயது காணாதாம்.
நரி திறந்தது. அழிப்பான் கண்ணெதிரே.
"அந்த ஏழ ஆறாக்கினா
ஆருக்குத் தங்கச்சி தெரியப்போகுது?"

கல்முனைச் சந்தியில்
அக்கரைப்பற்று பஸ் கத்திக்கொண்டிருந்தது.

நான் முனையத்தைத் திறந்தேன்.
எது வந்தால் யார் திறப்பது என்ற பட்டியல்.
அதில் ஒரு வரி:
பிடிஎஃப் என்றால் நரி.
நரியை அழித்துவிட்டு
எவின்ஸ் என்று எழுதினேன்.

மறுபடி தட்ட
அதே தாள். ஏழு, ஏழாகவே.
இதில் பார்க்கலாம், பெருப்பிக்கலாம், அச்சடிக்கலாம்.
அவ்வளவுதான்.

"எத்தின கொப்பி?" என்றேன்.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
ஈரச் சட்டையில் கண்ணாடியைத் துடைத்தார்.
"ரெண்டு."

வலது கிளிக்கில்
நரி இன்னும் இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை.